கலகலவா, கடகடவா?

மெக்கானிக் வந்தபோது அண்ணி நாற்காலிமேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்ட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எரியாத கடைக்கு இழப்பீடு கேட்டவர்களையும், திருட்டுப்போன சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டே புகார் எழுத வந்தவர்களையும் பார்த்துப் பழகிய கண். கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய கொழுந்தன். நாற்பது வயது. சொந்தமாக ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். இதுவரை அதைக்கொண்டு அவர் கண்டுபிடித்தது, இருமல் மருந்துப் பாட்டிலின் காலாவதித் தேதி ஒன்றைத்தான்.

“அண்ணி, என் பொழப்புல மண்ணு விழப்போகுது,” என்றார் மெக்கானிக்.

“உக்காந்து சொல்லுங்க.”

அவர் உட்காரவில்லை. இருந்த ஒரு நாற்காலியில் அண்ணி நின்றுகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அவர் வேலை பார்த்தது தலைவரிடம். தலைவர் என்றால் நாட்டுக்கு அல்ல, கரடுமுரடு வண்டியோட்டிகள் சங்கத்துக்கு. மேடு, பள்ளம், சேறு, மணல் என்று எந்த நிலத்திலும் ஓடக்கூடிய நாலுசக்கர வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பற்றி அவர் பேசாத மேடை இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் புதிய மலைச்சரிவுப் பாதை திறப்பு விழா. ஊர் முழுக்கக் கூடி நிற்க, முதல் ஆளாகச் சரிவில் இறங்கப்போவது தலைவர்தான் என்று சுவரொட்டியே ஒட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வண்டியில் சத்தம் வந்தது.

“சமதரையில சத்தமே இல்லை. முன்பக்கம் கீழே சாஞ்சா மட்டும் கடகடங்குது. எஞ்சினை ரெண்டு தடவை பிரிச்சு மாட்டிட்டேன். சுத்தமா இருக்கு. சங்கக் கமிட்டிக்காரங்க முன்னாடியே சொன்னேன், எஞ்சின்ல ஒண்ணும் இல்லை, தாராளமா இறங்கலாம்னு. சொன்னதுதான் தப்பாப்போச்சு. ‘எவனோ சதி பண்ணியிருக்கான், அதை மறைக்கிறே, அப்ப நீயும் கூட்டு’ன்னு கத்துறார். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆள் தெரியலைன்னா போலீஸ்ல என் பேரைத்தான் கொடுப்பாராம். அப்புறம் எவன் என்னை நம்பி வண்டியை விடுவான்? சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட விடமாட்டான்.”

கொழுந்தன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

தலைவரின் அலுவலக அறையில் தலைவரின் புகைப்படங்கள் இருந்தன. வண்டிமேல் தலைவர், வண்டிக்குப் பக்கத்தில் தலைவர், வண்டியைச் சுட்டிக்காட்டும் தலைவர். மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடியும் அதில் பிளாஸ்டிக் ரோஜாக்களும் இருந்தன. ரோஜாக்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

“பிளாஸ்டிக் பூ கூட வாடுமா அண்ணி?” என்று கொழுந்தன் காதோரம் கிசுகிசுத்தார்.

“நல்ல கேள்வி. அதை அப்படியே பத்திரமா வச்சுக்குங்க,” என்றார் அண்ணி.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “அம்மா, இது என் ஒருத்தன்மேல நடந்த தாக்குதல் இல்லை. சங்கத்தின்மேல, ஏன், சாகசம் என்கிற தத்துவத்தின்மேலேயே நடந்த தாக்குதல்! நான் தினமும் அந்த மலைச்சரிவுல இறங்கி ஏறுறவன். போன வாரம் பாதி இறக்கத்துல போறேன், கலகலன்னு ஒரு சத்தம்... கடகடன்னு. கடகடன்னு ஒரு சத்தம். வேற எவனா இருந்தாலும் உருண்டிருப்பான்.”

“நீங்க உருளலை.”

“உருளலை!”

“வண்டியை வேற யாரும் ஓட்டுறது உண்டா?”

“தொட்டா கையை ஒடிப்பேன்னு சொல்லிவச்சிருக்கேன். என் மச்சினனுக்கு மட்டும் அதுமேல ஒரு கண்ணு. நான் இறங்கலைன்னா அவன் இறங்கலாமே! அதையும் நீங்க கவனிக்கணும்.”

மச்சினன் வாசலில்தான் நின்றார். அவர் தலைவர் வீட்டிலேயே சாப்பிட்டுத் தலைவர் வீட்டிலேயே தூங்குபவர். சந்தேகப்படுவதற்கு அதைவிட வசதியான ஆள் கிடைக்காது. காபி கொண்டுவந்த தலைவரின் மனைவி டம்ளரை வைத்தபோது அவர் கையில் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன. கொழுந்தனின் புருவம் உயர்ந்தது.

வண்டிக் கொட்டகைக்குப் போகும் வழியில் அவர் அண்ணியைப் பிடித்து நிறுத்தினார். “அந்தம்மாதான். கலகலன்னு தலைவர் வாய் தவறிச் சொன்னாரே, அது வளையல் சத்தம்! புருஷனைக் காப்பாத்துறதுக்காக எஞ்சினுக்குள்ள வளையலைப் போட்டிருக்காங்க.”

“எஞ்சினுக்குள்ள வளையலைப் போட்டா அது கலகலங்காது கொழுந்தனாரே, தூளாகும். ஆனா பாதி தூரம் சரியா வந்திருக்கீங்க.”

கொழுந்தனுக்கு இது புகழ்ச்சியா என்று கொட்டகை வரும்வரை பிடிபடவில்லை.

வண்டி குண்டு டயர் மாட்டிய தேள்போல நின்றது. விளக்குவரை சேறு. அண்ணி குனிந்து டயரை ஒரு தடவு தடவினார். சேற்றை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். பிறகு, “சாவி வேண்டாம். எஞ்சினை நிறுத்தியே வையுங்க. அந்தச் சரிவுப் பலகைல ஏத்தி, கீழ்ப்பக்கமா மெல்ல விடுங்க,” என்றார்.

மெக்கானிக்கும் மச்சினனும் தள்ளினார்கள். வண்டியின் மூக்கு தாழ்ந்தது. எங்கிருந்தோ கடகடவென்று ஒரு சத்தம் ஓடி நின்றது.

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். “எஞ்சினே ஓடலை! நான் எஞ்சினையே கட்டிக்கிட்டு அழுதிருக்கேனே!”

“தலைவர் எஞ்சின் எஞ்சின்னு சொன்னார், நீங்களும் எஞ்சினையே பார்த்தீங்க. சரி, வீட்டுக்காரங்களையும் கூப்பிடுங்க.”

தலைவர் வந்தார். மனைவி வந்தார். மச்சினன் ஏற்கெனவே வேர்த்துப்போய் நின்றார்.

“இந்தச் சத்தத்தை எல்லாரும் கேட்டிருக்கீங்க. எப்படிக் கேக்குது?” என்றார் அண்ணி.

“கடகடன்னு,” என்றார் மெக்கானிக்.

“கடகடன்னுதான்,” என்றார் மச்சினன்.

“எனக்கும் அப்படித்தான் கேட்டுது,” என்றார் மனைவி.

“ஆமா. இரும்புக்குள்ள எது உருண்டாலும் கடகடன்னுதான் கேக்கும். கலகலன்னு கேக்காது. கண்ணாடி கண்ணாடியோட மோதினாத்தான் கலகல. அப்ப அந்தச் சாமான் வண்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி, கைக்குள்ள இருந்தப்பவே அதோட சத்தத்தைக் கேட்ட ஒருத்தருக்குத்தான் அந்த வார்த்தை வாயில வரும். மெக்கானிக் தம்பி, பின்னால சாமான் தட்டு இருக்கே, அதோட குழாய் முனைல ரப்பர் மூடி. பிடுங்குங்க.”

மூடி கழன்றது. தட்டை அழுத்தியதும் பச்சைக் கண்ணாடிக் கோலிகள் ஒரு கைப்பிடி, சிமெண்டுத் தரையில் கலகலவென்று கொட்டின.

“என் ஜாடிக் கோலி!” என்றார் மனைவி. “அதான் பூ நிக்காம சாயுதா? நான் பூ மட்டமான பூன்னுல்ல நெனச்சேன்!”

“இந்தக் குழாய் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு. சமதரையில கோலி ரப்பர்மேல சத்தமில்லாம உக்காந்திருக்கும். மூக்கு சாஞ்சா முன்னால ஓடும்.”

“பார்த்தீங்களா சதியை!” என்று தலைவர் கர்ஜித்தார். “என் அறைக்குள்ளேயே புகுந்து! டேய் மச்சினா...”

“மாமா, சத்தியமா நான் இல்லை மாமா!”

“அவர் இல்லை,” என்றார் அண்ணி. “தலைவரே, இங்க வந்து டயரைப் பாருங்க. புது டயர்ல ரப்பர் முடி மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். நாலு தடவை கல்லுல மண்ணுல ஓடினாலே தேய்ஞ்சுபோகும். இதுல மீசை முளைச்ச மாதிரி அப்படியே இருக்கு. இந்த வண்டி உங்க புல்தரையைத் தாண்டினதே இல்லை. சேறு வேற, சக்கரம் அடிக்காத இடத்துலயெல்லாம் இருக்கு. சேத்துல உர வாசனை. பூந்தொட்டி மண்ணு. கையால அப்பினது. இறங்கவே இறங்காத சரிவுல நீங்க கலகலன்னு சத்தம் கேட்டீங்கன்னா, அதை எங்க கேட்டீங்க?”

தலைவரின் மார்பு மெல்ல மெல்லக் காற்றிறங்கிச் சட்டை தொளதொளத்தது.

“இது... ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க நானே வகுத்த ஒரு...”

“சும்மா இருங்க,” என்றார் மனைவி. “நாற்காலிமேல ஏறி பல்பு மாட்டச் சொன்னா தலை சுத்துதுன்னு இறங்கிடுவீங்க. மலைச்சரிவு! யார் கேட்டா?”

“எல்லாரும் கேட்டாங்க,” என்றார் தலைவர். முதன்முறையாக மேடைக்குரல் இல்லாமல் பேசினார். “சுவரொட்டி ஒட்டிட்டாங்க. வண்டில சத்தம்னா தள்ளிப்போடலாம்னு பார்த்தேன். இவன் வந்து தாராளமா இறங்கலாம்னுட்டான்.”

“அதுக்காக என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுப்பீங்களா?” மெக்கானிக் தன் கருவிப்பெட்டியைத் தூக்கிக் கொட்டகை வாசலில் வைத்தார். “நான் கிளம்புறேன். இல்லை, நான் இருக்கணும்னா கமிட்டிக்கு இப்பவே போன் போடுங்க. வண்டில கோளாறு இல்லை, மெக்கானிக்மேல தப்பு இல்லை, எனக்குத்தான் பயம்னு சொல்லுங்க. பயம். மூணே எழுத்து. அதைச் சொல்றதுக்குப் போய் ஒரு கைப்பிடி கோலி!”

தலைவர் செல்பேசியை எடுத்தார். கனைத்தார். “வணக்கம். தலைவர் பேசுறேன். வண்டி நல்லா இருக்கு. மெக்கானிக்மேல எந்தத் தப்பும் இல்லை. ஆனா தவிர்க்க முடியாத காரணங்களினால்...”

மனைவி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “மூணு தாண்டிடுச்சுங்க.”

மெக்கானிக் பெட்டியின் பிடியில் கை வைத்தார்.

தலைவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு செல்பேசியில் என்னவோ முணுமுணுத்தார்.

“கேக்கலை தலைவரே!” என்றார் கொழுந்தன், கை தானாகப் பூதக்கண்ணாடியைக் காதில் வைத்தபடி.

“எனக்குக் கேட்டுது,” என்றார் அண்ணி. “மூணு எழுத்துதான்.”

மெக்கானிக் பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார். தலைவரின் மனைவி முந்தானையை ஏந்தி, உருண்டோடிய கோலிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். கடைசிக் கோலி வண்டிக்கடியில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தது தலைவர்தான்.