மேலே காணாமல் போன கையேடு

காலை ஒன்பது மணி. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில், மாடி அலுவலகத்துக்குள் நுழைந்த அனுசியா கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அதற்குள் சஃப்ரின் அழுதுகொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, கையேட்டை யாரோ கடிச்சுத் தின்னுருக்காவ."

வகைக்கெழுச் சமன்பாடுகளை வெறும் எண்ணாக அல்லாமல் சூத்திரமாகவே தீர்த்துத் தரும் மென்பொருள் ஒன்று, பிரின்ஸ் உருவாக்கியது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் இருநூறு பக்கம் எழுதியவள் சஃப்ரின். இருவர் வேலையிலும் பிழை பிடிப்பது அனுசியாவின் பிழைப்பு. சோற்றில் ஒரு கல் கிடந்தால் அது அவள் பல்லில்தான் படும்.

திரையைப் பார்த்தாள். 'மே உள்ள சமன்பாட்டில்' என்று இருந்தது. 'லேப்லாஸ் மாற்று' வெறும் 'ப்லாஸ் மாற்று' ஆகியிருந்தது. 'அதிலே' என்பது 'அதி'. 'கீழே' மட்டும் எல்லா இடத்திலும் பத்திரமாக இருந்தது.

பழைய பிரதி இருக்கிறது, மீட்டுவிடலாம். சஃப்ரினின் பெயரை எப்படி மீட்பது? மாற்றங்கள் அத்தனையும் முந்தின நாள் மாலை சஃப்ரினின் கணினிக் கணக்கில் நடந்தவை. கையேட்டை வாங்கும் சென்னை நிறுவனத்தில்தான் அவள் அடுத்த மாதம் வேலைக்குச் சேர இருந்தாள். முதலாளி மாரிராஜ் அண்ணாச்சி விடிந்ததும் அவர்களுக்குப் போன் போட்டு, போகிறவள் கெடுத்துவிட்டுப் போகிறாள் என்று சொல்லியும் விட்டார். அந்த வேலை அநேகமாகப் போன மாதிரிதான்.

அனுசியாவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். வெளியே சாரல். குற்றாலம் போகிற வேன்கள் ஹாரனிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"நேத்து எப்பம் போனே?"

"அஞ்சரைக்கு. தங்கச்சியை ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவசரத்துல கம்ப்யூட்டரைப் பூட்டலக்கா."

அடுத்தது பிரின்ஸ். y-ஆல் வகுக்கும்போது y = 0 என்ற தீர்வை இந்த மென்பொருள் தொலைத்துவிடும் என்று சஃப்ரின் குறைகள் பகுதியில் எழுதியிருந்தாள். அதற்காகப் போன வாரம் அவளோடு மல்லுக்கு நின்றவன் அவன்.

"அந்தப் பக்கத்தைத் தூக்கச் சொன்னியாம்லா?"

"சொன்னேன். தூக்கல. பாருங்க, முழுசா இருக்கு."

முழுசாகத்தான் இருந்தது.

"நேத்து சாயங்காலம் என்ன செஞ்சே?"

"ஹெட்போனை மாட்டிட்டு வேலை பாத்தேன். அண்ணாச்சி நாலஞ்சு தடவை கூப்பிட்டாவ. டீ சொல்லு, ஃபேனைக் குறைன்னு."

"எங்கன இருந்து?"

"தடுப்புக்கு அந்தப் பக்கம். எட்டிப் பாக்கல."

உள்ளறையிலிருந்து மாரிராஜ் குரல் கொடுத்தார். "ஏலே பிரின்ஸ், அந்தப் புள்ளைக்குக் கணக்கை முடிச்சு அனுப்பிரு. அனுசியா, நீ என்னத்துக்கு உலாத்துதே?"

"அவ செஞ்சதை நீங்க பாத்தியளா, அண்ணாச்சி?"

"அவ கணக்குல இருக்கு. பொறவென்ன?"

அவள் மறுபடியும் கையேட்டைத் திறந்தாள். இதுவரை எல்லோரும் போனதையே தேடினார்கள். வந்தது ஏதாவது உண்டா? இருந்தது. முன்னால் ஒரு பக்க முன்னுரை, கீழே பெயரில்லாமல். 'இந்தக் கருவி ஏ மாணவர்களுக்குப் பெரிதும் உதவும்' என்று அதில் ஒரு வரி. அது என்ன ஏ? வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிறகுதான் அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தாள்.

மூவரையும் கூப்பிட்டாள்.

"இந்த முன்னுரையை யாரும் டைப் அடிக்கல. மைக்ல பேசி எழுதினது. பேசும்போது நடுநடுவுல யாரையோ லே, லேன்னு கூப்பிட்டிருக்காவ, ஒரு தடவை ஏலேன்னு. மைக்குக்கு என்ன தெரியும்? அதையும் எழுதிருச்சு. பொறவு கூப்பிட்டுச் சொன்னதை அழிச்சுட்டு, 'லே'யை எல்லாம் ஒரேயடியா அழின்னு மைக்லயே கட்டளை குடுத்திருக்காவ. முன்னுரையோட நிக்கும்னு நெனைப்பு. அது இருநூறு பக்கமும் போயிருச்சு. மேலேல உள்ள லே, லேப்லாஸ்ல உள்ள லே, ஒண்ணையும் விடல. ஏலேயில ஒத்த ஏ மட்டும் தப்பிச்சுக் கெடக்கு."

"அதான் யாரு?" என்றான் பிரின்ஸ்.

"சஃப்ரினும் நானும் இங்க யாரையும் லே போட்டுப் பேசுனதில்ல. நீ முதலாளியை லேன்னு கூப்பிட்டா அன்னைக்கே உனக்கு வேலை இருக்காது. இந்த ஆபீஸ்ல லே போடுத வாய் ஒண்ணுதான். என்ன அண்ணாச்சி?"

மாரிராஜ் முகம் சுண்டிவிட்டது. "எனக்குத் தமிழ் டைப்பிங் வராது. அவ கம்ப்யூட்டர் திறந்து கெடந்துச்சு. வேணும்னு செய்யல. காலையில பாத்ததும் பயந்துட்டேன்."

"அழிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. போன் போட்டியள்லா, அதுக்குத்தான். சென்னைக்கு எழுதுங்க. உங்க கையால."

அவர் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்தினார். 'தவறு என்னுடையது' என்று முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அடுத்த வரியில் விரல் நின்றது.

"சஃப்ரின்ல வருத மூணு புள்ளி, அது எங்கன இருக்கு?"

சஃப்ரின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தேடுங்க, அண்ணாச்சி."