திரும்பாத எழுத்து

பாவாத்தாள் சாக்கைப் பிரித்து, முன்சக்கரத்தைத் தாங்கும் துருவேறிய சைக்கிள் போர்க்கை ஒப்பணக்காரத் தெருச் சைக்கிள் கடைப் பலகையில் வைத்தாள்.

“ஏனுங்கண்ணா, தூர்வாரையில எங்க பாழுங்கெணத்துல கெடந்துது. எந்த வருசத்துது, ஆரு செஞ்சதுன்னு மட்டுஞ் சொல்லுங்க.”

அவள் புருஷன் செங்கோடன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் தொண்டாமுத்தூரை விட்டுச் சைக்கிளோடு கொழும்புக்குப் போனவன். ஐந்து வருஷமாகக் கடுதாசி மட்டும் வருகிறது. அதே சைக்கிளில்தான் அங்கேயும் வேலைக்குப் போகிறானாம். இந்தச் சித்திரைக்கு வாரேன் என்று எழுதியிருந்தானாம். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். இது வேறு எவனுடையதாகவாவது இருந்துவிடட்டும்.

கடுதாசிகளைக் கொண்டுவந்து படித்துக் காட்டும் கொழுந்தன் காளிச்சாமியும் கூடவே வந்திருந்தான். “காப்பித் தோட்டத்துத் தொரை எவனோ வீசிப்போட்டதுங்க. எங்க நங்கைக்கு எதைப் பார்த்தாலும் அண்ணனாத்தான் தெரியும்” என்று அண்ணியைக் காட்டிச் சிரித்தான்.

கடைக்காரர் சிக்கந்தர், களவுபோன சைக்கிளை மணிச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர் என்று பேர். துருவைத் துடைத்த அவர் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்தக் கடையே கதியென்று கிடக்கும் மில் குமாஸ்தா லட்சுமணசாமிதான் பூதக்கண்ணாடியோடு பாய்ந்தார்.

“இங்கிலாந்துன்னு இங்கிலீசுல அடிச்சிருக்குதுங்க பாய். சீமைச் சரக்கேதான்.”

“நான் சொன்னேனுங்களே” என்றான் காளிச்சாமி.

“அதுல ‘என்’ எழுத்தோட குறுக்குக்கோடு எந்தப் பக்கம் சாயுதுங்க?” என்றார் சிக்கந்தர்.

லட்சுமணசாமி மறுபடி குனிந்தார். “அட, ரெண்டு ‘என்’னும் இடம்வலம் மாறி நிக்குதுங்க. சீமைக்காரனுக்கு அவன் ஊர்ப் பேரே எழுத வராதுங்களா?”

“எழுத வராதவன் நான்தானுங்க.” சிக்கந்தர் பாவாத்தாளைப் பார்த்தே சொன்னார். “சீமைப் பேருக்கு மதிப்புன்னு நான் செய்யற போர்க்குல அடிக்க நானே அச்சு வெட்டினேன். அச்சுல எழுத்தைத் திருப்பி வெட்டோணும். ‘என்’ எழுத்தைத் தலைகீழாப் புடிச்சாலும் அப்படியே இருந்துது. இதைத் திருப்ப வேண்டாம்னு உட்டுப்போட்டேன், அடிச்சா இடம்வலம் மாறி உழுந்துது. மறுநாளே ஒரு வாத்தியார் பார்த்துச் சிரிச்சாரு, அச்சை நசுக்கிப்போட்டேன். அதுக்குள்ள அடிச்சது ஒரே ஒரு போர்க்கு. முப்பத்திரண்டு, தை மாசம். மாட்டிட்டுப் போனவரு உங்க ஊட்டுக்காரருங்க, அம்மணி.”

சிக்கந்தர் காளிச்சாமியைப் பார்த்துக் கேட்டார்.

“கொழும்புல ஓடற சைக்கிளு உங்க கெணத்துல எப்படிக் கெடக்கும்? அந்தக் கடுதாசியெல்லாம் ஆரு எழுதினதுங்க, தம்பி?”

காளிச்சாமி காலால் செருப்பைத் துழாவினான். லட்சுமணசாமி வாசலை மறித்து நின்றுகொண்டார்.

பாவாத்தாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. போர்க்கை மடிக்கு இழுத்து, ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

“சித்திரைக்கு வாரேன்னு எழுதியிருந்துதுங்கண்ணா” என்றாள். “வந்துட்டாருங்க.”