பம்ப் பக்கத்துக் காது

குக்கரிலிருந்து ஆவி கிளம்பியது, மேலே குண்டு துள்ளியது, பருப்பு வாசனை கூடம்வரை வந்து மூக்கில் ஏறியது. விசில் சத்தம் மட்டும் வரவில்லை. ஜெகநாதன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"நாலு விசில் ஆச்சு. அடுப்ப அணைங்கன்னு கத்திகினே கீறேன், காதுல வுழல?" என்றாள் மனைவி யோகலட்சுமி. அவள் குரலும் தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கித்தான் கேட்டது.

"ஆங், வுழுந்துது" என்று பொய் சொன்னார்.

பொய் சொல்லாமல் வேறென்ன செய்வார்? வீடு திருத்தணி மலையடிவாரம். வேலை ஆந்திர எல்லைப் பக்கத்துத் தீயணைப்பு நிலையம் ஒன்றில், அதிகாரி. காது போய்விட்டது என்று வாயைத் திறந்தால், பம்ப் இரைச்சல் காதைத் தின்றுவிடும் என்று செத்துப்போன துளசிங்கம் சொன்னதெல்லாம் மெய்யென்று ஆகிவிடுமே.

துளசிங்கம் தீயணைப்பு வண்டியின் பம்பை இயக்குகிற ஆள். வருசக்கணக்காக அந்த இரைச்சலை ஒட்டியே நின்று இடது காது செத்து, வலது காதும் பாதி போயிருந்தது. "சார், காது மந்தமா கீது, நெருப்புக்குள்ள அனுப்பாதீங்க" என்று கெஞ்சினான். "வேலைக்கு டேக்கா குடுக்கறியா?" என்று கேட்டே அனுப்பினார் ஜெகநாதன். தீப்பிடித்த லுங்கிக் கிடங்கில் கூரை இறங்கப்போகிறது, வெளியே வாங்க என்று விசில் ஊதினபோது எல்லாரும் வந்தார்கள், அவன் வரவில்லை. அவனை இழுத்துவர ஓடின சக வீரன் குமரவேலையும் இவர்தான் மறித்தார். அப்புறம் விசாரணையில், "காது நல்லாதான் இருந்துச்சு, சொல்பேச்சு கேக்காத ஆளு" என்று பழியைச் செத்தவன் தலையிலேயே கட்டினார். மனுசன் செய்கிற காரியமா இது?

இப்போது ஜெகநாதனின் காதை ரகசியமாகச் சோதித்துப் பார்த்த டாக்டர் குறையே இல்லை என்றார். ஆனாலும் தினம் ஒரு சத்தம் போனது. குருவிகள் போயின. மலைக்கோயில் மணி போனது. யோகலட்சுமியின் கொலுசு போனது, பின்னாலேயே அவள் குரலும். காலியான இடத்தில் பம்ப் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. குளிக்கும்போது, சாப்பிடும்போது, இடது பக்கமாக, விடாமல்.

ஒருநாள் பட்டப்பகலில் பொதட்டூர்பேட்டைப் பக்கம் நூல் கிடங்கு பற்றிக்கொண்டது. வெளியே நின்றால் வாக்கி டாக்கியில் பேச வேண்டும், குட்டு உடைந்துவிடும் என்று ஜெகநாதன் தானே குழாயைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

கரி நாற்றம். சாய நாற்றம். தன் கையே தனக்குத் தெரியாத புகை. சட்டென்று பம்ப் இரைச்சல் நின்றது.

விசில்.

எத்தனை நாளாயிற்று இப்படித் துல்லியமாக ஒரு சத்தம் கேட்டு. வெளியே வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காது திரும்பிவிட்டது. சந்தோஷத்தில் அழுகையே வந்தது அவருக்கு. குழாயைப் போட்டுவிட்டுச் சத்தம் வந்த திசையில் தவழ்ந்தார்.

கிட்ட வந்தது. இன்னும் கிட்ட. வெளிச்சம் வரவில்லை. காற்று வரவில்லை. சூடுதான் ஏறியது.

கை எதிலோ முட்டியது. தடவினார். கிடங்கின் பின்சுவர்.

விசில் நின்றது.

"கேக்குதா சார்?"

இடது காதில். மூச்சு படுகிற தூரத்தில்.

திரும்பினார். எரிகிற நூல்கட்டின்மேல் துளசிங்கம் உட்கார்ந்திருந்தான். முகமென்று சொல்ல ஒன்றுமில்லை. காக்கி உடம்போடு ஒட்டி உருகியிருந்தது.

ஜெகநாதன் அலறினார். அந்த அலறல் அவருக்கே கேட்கவில்லை.

துளசிங்கம் அவசரப்படவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். பக்கத்தில் உட்காரும்படி, எரிந்துகொண்டிருந்த அந்த இடத்தை மெல்லத் தட்டிக் காட்டினான்.