ஒரே நீளத்தில் இரண்டு குச்சிகள்

"இங்கதான் குடிசை போடணும்னு அப்பா சொல்லியிருக்காரு!"

"அப்பா பார்த்தப்ப இந்த மரத்துக்கு உயிர் இருந்திருக்கும் அண்ணே. மேல கொஞ்சம்..."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ கம்பை வெட்டு!"

"...பாரேன்! ஒரு இலையாவது இருக்கா?"

லெஜெங் வேண்டா வெறுப்பாக அண்ணாந்து பார்த்தான். மரத்தின் உச்சி மொட்டையாக இருந்தது. பட்டை உரிந்து தொங்கியது. தங்கை ஊபுங் கத்திப்பிடியால் அடிமரத்தைத் தட்டினாள். வெறும் பானையைத் தட்டியதுபோல் 'டொம்' என்றது.

"காத்து அடிச்சா நம்ம தலையிலதான் விழும்," என்றாள்.

இருவரும் பாராம் ஆற்றங்காட்டில் இடம் மாறி மாறி வாழும் பெனான் பழங்குடிப் பிள்ளைகள். குடும்பம் இடம் மாறும்போது, முன்னால் போய்க் குடிசை போட்டுத் தீ மூட்டிவைப்பது பெரியவர்கள் வேலை. அந்த வேலைக்கு அப்பா இவர்களை அனுப்பியது இதுதான் முதல் தடவை. ஒரு மாதத் தம்பியைச் சுமந்துகொண்டு அம்மா, அப்பாவோடு பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தாள். அவர்கள் வருவதற்குள் வேலை முடியாவிட்டால், அடுத்த தடவை பானையைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நடக்கவேண்டியதுதான்!

"சரி, ஓடைக்கு அந்தப் பக்கம் போவோம். ஆனா இதைச் சொன்னது நான்," என்றான் லெஜெங்.

"சரிங்க பெரியவரே!"

ஓடையைத் தாண்டி மேட்டில் கம்பு நட்டார்கள். பிரம்பால் இறுக்கிக் கட்டினார்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தளம் அமைத்தார்கள். மேலே ஓலை வேயத் தொடங்கினார்கள்.

லெஜெங் லைட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். காலை மழையில் நனைந்த விறகு புகைந்ததே தவிர எரியவில்லை.

ஊபுங் ஒரு கட்டையைப் பிளந்தாள். நடுவில் மரம் காய்ந்திருந்தது. அதைச் சீவிச் சுருள் சுருளாகக் குவித்தாள். மூங்கில் குழாயிலிருந்து ஒரு துண்டுக் குங்கிலியத்தை எடுத்து நடுவில் வைத்தாள்.

"இந்தப் பிசினை ஏன் சுமக்கிறேன்னு வழியெல்லாம் சிரிச்சியே, இப்பச் சிரி!"

"சிரிச்சா... புகை... உள்ள போகுது," என்று இருமினான் லெஜெங்.

தீ குப்பென்று பிடித்தது. அவன் முகம் மட்டும் திடீரென்று வெளுத்தது.

"ஊபுங்! குச்சி!"

பாதை பிரியும் இடத்தில் லெஜெங் ஒரு குச்சி நட்டிருந்தான். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வரவேண்டும். அது இன்னும் செத்த மரத்தைக் காட்டித்தான் சாய்ந்திருந்தது! அப்பா அதை நம்பித் தம்பியோடு அங்கேயே போய்விடுவார்.

வானம் உறுமியது.

"நட்டது நான். நானே போறேன்."

"நீ போனா கூரை? இன்னும் ரெண்டு வரிசை ஓலை பாக்கி. எனக்கு எட்டாது. நான் ஓடிட்டு வந்துடுறேன்."

லெஜெங் தயங்கினான். "அப்படியே ஒரே நீளத்துல ரெண்டு குச்சி வைச்சுடு. ஒரே மனசா இருக்கோம்னு அப்பா புரிஞ்சுக்குவாரு."

"இவ்வளவு நேரம் சண்டைதானே போட்டோம்?"

"அது அப்போ!"

ஊபுங் பறந்தாள். குச்சியைப் பிடுங்கி, ஓடைப் பக்கமாகச் சாய்த்து நட்டாள். இரண்டு சின்னக் குச்சிகளை அருகருகே வைத்து அளந்து பார்த்தாள். ஒன்று கொஞ்சம் நீளம். அதன் நுனியைக் கடித்துச் சரிசெய்தாள்.

முதல் தூறல் விழும்போது அப்பாவும் அம்மாவும் மேடேறி வந்தார்கள். கூரை ஒழுகவில்லை. தீ சடசடத்தது. தம்பி கொட்டாவி விட்டான்.

சற்று நேரத்தில் காற்று சுழன்று அடித்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் 'மடமட'வென்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. அப்பா எழுந்து அந்தப் பக்கமே பார்த்தார்.

"நான் சொன்ன இடம்தானே அது?" என்றார் மெல்ல. "மாத்தினது யாரு?"

"ஊபுங்தான் மரத்தைப் பார்த்தா," என்றான் லெஜெங்.

"கூரை முழுக்க அண்ணன்!" என்றாள் ஊபுங். நட்ட குச்சியைத் திருப்பிவைக்க மறந்தது யார் என்று அவள் சொல்லவே இல்லை.

அப்பா இருவர் தோளிலும் கை வைத்தார். "இனிமே எந்த இடத்துக்குப் போனாலும் நீங்க ரெண்டு பேரும்தான் முன்னால."

இருவரும் ஒரு சாண் உயர்ந்துவிட்டதுபோல் நிமிர்ந்து நின்றார்கள். அம்மா தம்பியைத் தட்டிக்கொடுத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். வழியில ஒரே நீளத்துல ரெண்டு குச்சி பார்த்தேனே... நெசமாவே நீங்க சண்டை போடலையா?"