கொற்றி தேர்ந்த உவர்மண்

மேற்கே கதிரவன் முழுவதும் மறையுமுன்பே கிழக்கில் பௌர்ணமி நிலவு எழுந்து வெள்ளாற்றை வெள்ளியாய் உருக்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஆற்றிலிருந்து பிரியும் புதிய வாய்க்காலின் உயர்ந்த கரையைக் கண்டவர்கள் அதன் எழிலில் சொக்கியே போயிருப்பார்கள். அன்பார்ந்த வாசகர்களே, நீங்கள் சொக்கிவிட வேண்டாம். போரில் வீழ்ந்த மாறம்பாடிக் கோட்டையின் சிறைப்பட்ட குடிகள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டிய மண் அது. சுமக்க மாட்டாமல் பதினொரு பேர் அங்கேயே விழுந்து செத்தார்கள்.

கரைக்கு எங்கே மண் வெட்டுவதென்று தேர்ந்து சொன்னவள், சாத்தி என்ற பொய்ப்பெயரில், மண்ணின் தரம் அறிந்தவளென்று பணிக்கு வந்திருந்த கொற்றி. மாண்ட மாறம்பாடி அரையரின் ஒரே மகள். களியும் மணலும் அளவாய்க் கலந்த நல்ல மண் ஆற்றோரம் கிடக்க, நீர் பட்டதும் கரைந்துபோகும் உவர்மண்ணையே அவள் வேண்டுமென்று காட்டியிருந்தாள். மதகு திறந்தால் கரை உடையும், கீழே பாசறையிட்டிருக்கும் பகைவர் படை அழியும் என்பது அவள் திட்டம். சவுக்கடி தாங்காமல் யாரேனும் உளறிவிடக் கூடாதென்று தன் குடிகளிடமும் அதை மறைத்தாள். இதற்கிடையில், மாலைதோறும் வந்து மண்ணைப் பற்றி இனிமையாகப் பேசிச் செல்லும், அந்தப் படையின் தண்டநாயகன் அரிகண்டன்மீது அவள் மனம் போய்த் தொலைந்தது. போகாதே என்றால் மனம் கேட்கிறதா என்ன?

அன்றும் அவன் வந்தான்.

"சாத்தி, பாசறையை மேட்டுக்கு மாற்றிவிட்டேன். கரைக்குக் கீழே சிறைக்குடிகளை அமர்த்தியாயிற்று."

கொற்றி திரும்பிப் பார்த்தாள். முந்நூறு பேர் விலங்கோடு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளின் காலுக்கேற்ற விலங்கு கிடைக்காததால், அவர்களைத் தாய்மாரின் விலங்கோடு கயிற்றால் பிணைத்திருந்தார்கள்.

"கரை இன்னும் காயவில்லை, தண்டநாயகரே. சில நாள் பொறுக்கலாம்."

"நீ தேர்ந்த மண்ணாயிற்றே, பயமென்ன?" என்ற அரிகண்டன், மதகுக் காவலரை நோக்கிக் கையை உயர்த்தினான்.

"திறக்காதீர்கள்" என்று கொற்றி அவன் காலில் விழுந்தாள். "இது உவர்மண், நிற்காது. தெரிந்தே காட்டினேன். நான் மாறம்பாடி அரையர் மகள் கொற்றி. தண்டனை எனக்கு மட்டும் இருக்கட்டும்."

அவன் வியப்படையவில்லை; மதகைத் திறக்க உயர்த்திய கையை இறக்கிக்கொண்டான்.

"எழுந்திருங்கள், தேவி. முதல் நாளே அந்த மண்ணில் ஓர் உருண்டை பிடித்து நீர்க்குடத்தில் போட்டுப் பார்த்தேன். நொடியில் கரைந்தது. வஞ்சகம் தெரிந்துவிட்டது, உங்கள் பெயர்தான் தெரியவில்லை. சவுக்கால் கேட்டும் உங்கள் குடிகள் வாய் திறக்கவில்லை."

"தெரிந்துமா பதினொரு பேரைச் சாகவிட்டீர்கள்?"

"நீங்களும் தெரிந்துதானே விட்டீர்கள்?"

"மாலைதோறும் வந்ததும் இதற்குத்தானா?" என்று கேட்டாள் கொற்றி.

"முதலில் இதற்குத்தான்" என்ற அரிகண்டன், மேலே சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டான். "இந்த மண்ணை அள்ளி எறிந்துவிட்டு வேறு மண் போட வேண்டும். யானைகள் மிதித்து இறுக்கிய, நூறாண்டு மழையிலும் கரையாத மண் ஒன்று உண்டு. உங்கள் கோட்டை மதில். நாளை உங்கள் குடிகள் அதை வெட்டிச் சுமப்பார்கள். முதல் கூடை உங்கள் தலையில்."

கீழே எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொருவரில் ஒருவனின் மனைவி விலங்கை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா, தாயீ? தெரிஞ்சிருந்தா எம் புருசன் சிரிச்சுக்கிட்டே சுமந்திருப்பாரே."

அந்தச் சொல் எந்தச் சவுக்கையும்விடக் கொடிதாகக் கொற்றியின்மேல் விழுந்தது. அவள் கரையிலிருந்து இறங்கி, எல்லார் முன்னிலையிலும் அந்தப் பெண்ணின் காலைத் தொட்டாள்.

"ஆணையிட்டுச் சொல்கிறேன், அக்கா. இனி உங்களிடம் சொல்லாமல் எதையும் செய்ய மாட்டேன்" என்றவள், அரிகண்டனை நிமிர்ந்து பார்த்தாள். "இவரை நான் கொல்லப் போகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன்."