சமையலறையில் நடமாட்டம் இல்லை

"அண்ணி, இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிங்க... இல்ல, வேண்டாம். விடுங்க. அவளையே கூப்பிட்டுக்கறேன்."

நீட்டிய கையைப் பெரியவள் மடக்கிக்கொண்டாள். இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து பதினெட்டு வருஷம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று அழுதுகொண்டு நின்ற கொழுந்தனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்ட கை அது. இன்றைக்கு ஒரு ஸ்டூலின் காலைப் பிடிக்கக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டது!

எல்லாம் அந்தச் சங்கிலியால் வந்தது. போய்ச் சேர்ந்த மாமியாரின் இரட்டை வடச் சங்கிலி. மாடியில் அவள் இருந்த அறையில், அவளுடைய அலமாரியில் இருந்தது. போன வாரம் கொழுந்தன் ஏதோ பத்திரம் தேட அலமாரியைத் திறந்தான்; டப்பா இருந்தது, சங்கிலி இல்லை. வீட்டுச் சாவிக்கொத்து பெரியவளின் இடுப்பில். அதற்கு மேல் யாரும் எதையும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பெரிய பேச்சாக வீடு முழுக்க உலாவியது. அன்றே அலமாரியைப் பூட்டி, கொத்திலிருந்து அதன் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டான். மாடி அறையைக் கூட்டக்கூடப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தான். வயரே இல்லாத அலாரமாம். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டிகள் மூன்று, சாப்பாட்டு மேஜையில் அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பேட்டரியைப் போட்டு, பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கு சிமிட்டியதும் ஃபோனில் பெயர் எழுதினான். ஹால்... சமையலறை... அம்மா அறை...

"ஆள் அசைஞ்சா போதும்ப்பா, எந்த ரூம்ல, எத்தனை மணிக்குன்னு பதிஞ்சிடும்."

மாமனார் பேப்பரைத் தாழ்த்தினார். நிலம் அளக்கும் துறையில் முப்பது வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தவர். "பூனை போனா?"

"பூனைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. ஆளுக்கு மட்டும்தான்."

"அப்ப வீட்டு ஆளைத்தான் பிடிக்கப்போறேன்னு சொல்லு!"

பெரியவள் தட்டுகளோடு வந்தாள். வைக்க இடமில்லை. கொழுந்தன் மூன்று பெட்டிகளையும் ஒன்றாக வழித்து ஒரு தட்டில் போட்டு ஓரமாகத் தள்ளினான். பெட்டியோடு வந்த விளக்கத் தாளைக் கசக்கினான்.

"படிக்கலையாங்க?" என்றாள் அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்.

"இதுக்கெல்லாமா படிப்பாங்க? சுவத்துல ஒட்டினா முடிஞ்சுது."

சாப்பிட்டு எழுந்து, மனைவியை ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லி, ஏழடி உயரத்தில், அறைக்கு ஒன்றாக மூலையில் ஒட்டினான். பிறகு ரகசிய எண்ணை அப்பாவிடம் சொன்னான். மனைவியின் காதில் சொன்னான். பெரியவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தாள்.

"அண்ணிக்கு எதுக்கு? அவங்க வீட்டிலேயேதானே இருக்கப்போறாங்க. பகல்ல அம்மா ரூமை மட்டும் உஷார்ல வைக்கறேன். அலறாது. என் ஃபோனுக்குச் சேதி வரும், அவ்வளவுதான்."

குப்பைக்கூடையில் கிடந்த விளக்கத் தாளைப் பெரியவள் எடுத்து நீவி, பருப்பு டப்பாவுக்கு அடியில் விரித்தாள். நல்ல கெட்டிக் காகிதம்.

---

மறுநாள் பதினொரு மணிக்கு மாமனார் கைத்தடியோடு மாடிப்படியருகே வந்து நின்றார்.

"போலாமாம்மா?"

அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். முழங்கால் தேய்ந்துவிட்டது, படியேறவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம். ஆனாலும் தினமும் இந்த நேரத்துக்கு அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பதினான்கு படியும் பெரியவள் ஏற்றிவிடுவாள். மனைவி படுத்திருந்த கட்டிலில் அரை மணி உட்கார்ந்திருப்பார். மாமியாரின் கடைசி எட்டு மாதம் வேலையை விட்டுவிட்டு அந்தக் கட்டிலருகே கிடந்தவள் பெரியவள்தான். மகன்களுக்குத் தெரிந்தால் அறையையே பூட்டிவிடுவார்கள் என்று, யாரிடமும் சொல்வதில்லை என அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

"இன்னைக்கு வேண்டாம் மாமா... மேல அந்தப் பெட்டி இருக்கு."

"இருந்தா?"

"நான் மேல போனதாப் பதியும். இருக்கற பேரும் போயிடும், மாமா!"

அவர் திரும்பிப் போனார். அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"சமையல்கட்டுல, தம்பி."

"ஓ... சமையல்கட்டுல!" கொழுந்தனின் குரலில் ஒரு சிரிப்பு. "சரி. இருங்க, இருங்க."

செவ்வாய்க்கிழமை இரண்டு முறை கூப்பிட்டான். புதன்கிழமை கேட்டே விட்டான். "மாடியில என்ன அண்ணி வேலை?"

"நான் மாடிக்கே போகலையே!"

"அப்ப பேயா நடக்குது?"

வைத்துவிட்டான். பெரியவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தான் போகவில்லை. மாமனாரால் தனியாக ஏற முடியாது. அப்படியென்றால் மாடியில் நடப்பது யார்? அடுப்பைத் தணித்துவிட்டுப் படியடியில் போய்க் காது கொடுத்து நின்றாள். மேலே ஜன்னல் கொக்கி ஆடும் சத்தம்கூட அடித்தொண்டையில் யாரோ இருமுவது மாதிரி கேட்டது. உட்கார்ந்து பேப்பர் படிக்கும் மாமனாரையே ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தாள். நிஜமாகவே ஏற முடியாதா... இல்லை, என்னைப் பழியில் தள்ளிவிட்டு ஏறுகிறாரா? அடுத்த கணம் தன்னையே வெறுத்தாள். சந்தேகம் கொழுந்தனிடமிருந்து தனக்கும் தொற்றிவிட்டதே!

வியாழக்கிழமை காலை எல்லோரும் கிளம்பியதும், முகப்பவுடரை எடுத்து மூன்றாவது படியில் லேசாகத் தூவினாள். மத்தியானம் வரை பவுடர் அப்படியே இருந்தது. கொழுந்தனிடமிருந்து மட்டும் மூன்று அழைப்பு! ஐந்தரை மணிக்குத் தையல் கடைக்குக் கிளம்பினாள். தினமும் இரண்டரை மணி நேரம் சட்டைகளின் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலை. எட்டு மணிக்கு அவள் திரும்பியபோது பவுடரில் ஒரு பாதம் பதிந்திருந்தது. சின்னப் பாதம். கட்டைவிரல் கொஞ்சம் உள்பக்கம் வளைந்த பாதம்.

சின்னவள் ஐந்து மணிக்கே வேலையிலிருந்து வந்துவிடுவாள்.

ஹாலில் கொழுந்தன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும். 'வந்து பாருங்க தம்பி!' என்றால் தன் தலைமேல் இருக்கும் பழி அந்த நிமிஷமே இடம் மாறிவிடும். பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமான முதல் வருஷம், ஒரு கண்ணாடி ஜாடியை உடைத்ததற்காக மாமியார் பதினைந்து நாள் அவள் முகத்தையே பார்க்கவில்லை. அந்தப் பதினைந்து நாள் தொண்டையில் இறங்காத சோறு இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பெண் எதற்குப் போகிறாளோ, யார் கண்டது?

ஈரத்துணியால் படியைத் துடைத்துவிட்டாள்.

---

தொலைதூரப் பேருந்து ஓட்டும் அவள் கணவன் பெரியவன் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தான். காலைக்கூடக் கழுவவிடாமல் தம்பி ஃபோனை நீட்டினான்.

"நீயே பாருண்ணே! அம்மா ரூம்ல தினமும் முப்பது தடவை நடமாட்டம். பத்து மணி, பத்தே கால், பதினொண்ணு... சங்கிலி போதாதுன்னு ரூமையே குடைஞ்சு எடுக்கறாங்க!"

"தம்பி, சத்தியமா நான் போகலை..."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? அதுக்கு உங்க மேல என்ன விரோதம்?"

பெரியவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ எடுத்திருந்தா... சொல்லிடும்மா. நம்ம வீட்டுக்குள்ளதானே..."

அவ்வளவுதான். தம்பி சொன்ன முப்பதும் சேர்ந்து செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்துவிட்டது. அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவினாள். மேஜைமேல் வைத்தாள்.

"நீங்களுமா? இதுக்கு மேல நான் இங்க இருக்க மாட்டேன். ஆனா திருடின்னு பேர் எடுத்துட்டும் போக மாட்டேன்! தம்பி, அந்த ஃபோனைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சமையல்கட்டுக்கு என்ன போட்டிருக்கு?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க!"

அவன் அலட்சியமாக விரலால் தள்ளினான். விரல் மெதுவாக நின்றது.

"திங்கட்கிழமை பகல்ல... ஒண்ணுமில்ல. செவ்வாய்... ஒண்ணுமில்ல."

"புதன்?"

"...பகல் முழுக்க நடமாட்டம் இல்லை."

"வியாழன், வெள்ளி, சனி?"

அவன் ஃபோனைத் தாழ்த்தினான்.

"ஆறு நாளா பகல் முழுக்க சமையல்கட்டுல யாரும் காலே வைக்கலை, அப்படித்தானே? அப்ப மாமாவுக்கு மூணு வேளையும் சாப்பாடு எங்கேருந்து தம்பி வந்தது? உங்க ரெண்டு பேருக்கும் மத்தியானத்துக்குக் கட்டிக் கொடுத்தனே, அதை யார் சமைச்சா? ஆறு நாளா அடுப்பு முன்னால நின்னு வெந்தவளை உங்க மெஷின் பார்க்கவே இல்லையா?"

பெரியவள் உள்ளே போய்ப் பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்த தாளை எடுத்து வந்து மேஜையில் போட்டாள். எண்ணெய்க் கறையோடு ஒரு படம். ஒரு ஆள் அறைக்குள் நடக்கிறான், காலடியில் அம்புக்குறி, மேலே மூலையில் பெட்டி சிமிட்டுகிறது.

"நேத்துதான் இந்தப் படத்தைப் பார்த்தேன். ஒட்டின பிறகு நடந்து பார்க்கணுமாம். நீங்க நடந்து பார்த்தீங்களா?"

பெரியவன் எழுந்தான். நேராகச் சமையல்கட்டுக்குள் போய் இரண்டடி வைத்தான். தம்பியின் கையிலிருந்த ஃபோன் கிணுகிணுத்தது.

*அம்மா அறை: நடமாட்டம்.*

"தட்டு வைக்க இடம் பண்றேன்னு எல்லாத்தையும் ஒண்ணா வழிச்சுப் போட்டியே, அப்பவே நினைச்சேன்," என்றார் மாமனார். "குறியீடு போடாம கல்லை நட்டா எவன் நிலம் எவனுதுன்னு தெரியுமாடா? என் வேலையில இப்படிப் பண்ணியிருந்தா ஒரு ஊரே வெட்டிக்கிட்டுச் செத்திருக்கும்! நினைச்ச நான் சொல்லியிருக்கணும். மாடிக்குக் கூட்டிட்டுப் போகலைங்கற கோவத்துல வாயை மூடிட்டேன், பாவி..."

ஆறு மாத ரகசியத்தை அவரே உடைத்துச் சொன்னார். பெரியவன் சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

கொழுந்தனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை. "அப்ப சமையலறைன்னு இருக்கறதுதான் அம்மா ரூம்... அதுல தினமும் ஒரு தடவை வந்திருக்கு. சாயந்திரம் அஞ்சே முக்கால்... அண்ணி அப்ப கடையில..."

சின்னவளின் கையிலிருந்த டம்ளர் நழுவி உருண்டது.

பெரியவள் சட்டென்று ஃபோனின் மேல் கையை வைத்து மறைத்தாள். "போதும் தம்பி. மூடுங்க."

"இல்ல அண்ணி, யாருன்னு..."

"மூடுங்கன்னேன்! ஒரு வாரம் நான் பட்டது போதும். இன்னொருத்தி பட வேண்டாம்."

"அக்கா..." சின்னவள் ஓடி வந்து அவள் காலடியில் சரிந்தாள். "நான்தான் அக்கா! அலமாரி திறந்துதான் கிடந்தது. கூட வேலை செய்யறவ கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போக எடுத்தேன். கொக்கி உடைஞ்சு போச்சு... சரிபண்ணி வாங்கிட்டு வர்றதுக்குள்ள இவர் அலமாரியைப் பூட்டிட்டார். அலமாரிக்கு அடியில தள்ளி வச்சேன். நீங்க கூட்டும்போது எடுத்துடுவீங்கன்னு நினைச்சேன்... உங்களையே போகக்கூடாதுன்னுட்டார்! தினமும் போய்ப் பார்ப்பேன். அங்கேயே கிடக்கும். நானா எடுத்துக் கொடுத்தா, அங்க இருந்தது உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரோன்னு... உங்களைத் திருடின்னு சொன்னப்பகூட வாயைத் திறக்கலையே, நான் மனுஷியா அக்கா!"

கொழுந்தன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பெரியவள் குறுக்கே நின்றாள்.

"அவளை அடிக்கறது இருக்கட்டும். சங்கிலி காணலைன்னதும் எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா தம்பி? பூட்டைத்தானே போட்டீங்க? பயந்தவ எங்க போய்ச் சொல்லுவா?" சின்னவளைத் தூக்கி நிறுத்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். "வியாழக்கிழமையே தெரியும்டி எனக்கு. உன் கால் கட்டைவிரல் இருக்கே, அது ஊருக்கே தனி!"

அழுதுகொண்டே சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெரியவள் அழுதாள். கொழுந்தன் ஓங்கிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி... மன்னிச்சிடுங்க. அந்தப் பேரை மாத்தாம அப்படியே விட்டுடறேன். சமையல்கட்டுதான் இனி எனக்கு அம்மா ரூம்."

"ஐயோ, வேண்டாம் தம்பி!" பெரியவள் கண்ணைத் துடைத்தாள். "என்னை அம்மாவாக்கி ஆரத்தியும் எடுக்க வேண்டாம், திருடியாக்கிக் காவலும் போட வேண்டாம். சமையல்கட்டு சமையல்கட்டாவே இருக்கட்டும். தப்பான பேரை அழிச்சிட்டு, சரியான பேரை எழுதுங்க. அது போதும் எனக்கு."

பெரியவன் சாவிக்கொத்தை எடுத்து வந்து நீட்டினான். அவள் உடனே வாங்கவில்லை. அவன் கை நீட்டியபடியே இருந்தது. அவள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, மேல இருக்கற பெட்டியைச் சோதிக்க ஒரு ஆள் நடந்து பார்க்கணுமாம். வர்றீங்களா?"

கிழவர் கைத்தடியைத் தேடினார். பெரியவன் சாவிக்கொத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, அப்பாவின் ஒரு பக்கத் தோளைத் தாங்கினான். மறுபக்கம் பெரியவள். பதினான்கு படிகள். மூன்றாவது படியில் நிற்கும்போது கணவனிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "படியைப் பாருங்க," என்றாள்.

கீழே, புதிதாகப் பெயர் எழுதிய ஃபோன் மேஜைமேல் கிணுகிணுத்தது.

*அம்மா அறை: நடமாட்டம்.*

யார் என்று யாரும் கேட்கவில்லை.