அமல்ராஜுக்கு முப்பத்தேழு நாள் பாக்கி

வருகைப் பதிவேட்டில் மூன்றாவது பெயருக்கு நேராக யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மை இன்னும் காயவில்லை. ஷர்லி தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் பச்சை ஒட்டியது. மணி ஒன்பது பத்து. ஷட்டரைத் தூக்கியவள் அவள், மின்விசிறியைப் போட்டவள் அவள், ராத்திரி முழுக்க அடைந்து கிடந்த காகித வாடையும் கீழே உரக்கடையிலிருந்து படியேறி வரும் யூரியா நெடியும் முதலில் ஏறியது அவள் மூக்கில்தான். அவற்றுக்கு நடுவே இன்று இன்னொரு வாடை இருந்தது. வெயிலில் இளகிய தார்.

பெயர், அமல்ராஜ்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஆடிட்டர் நல்லதம்பியின் ஆபீசில் மொத்தமே மூன்று பேர். சார். பத்து வருஷமாக டைப் அடித்து, ஃபைல் கட்டி, சாரின் கோபத்துக்குக் காது கொடுத்துவரும் கார்த்திகா அக்கா. அப்புறம் ஷர்லி. அவள் ‘ஆர்ட்டிக்கிள்’. ஆடிட்டர் ஆக வேண்டுமென்றால் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும் ஜீவனுக்கு அந்தப் பெயர். பயிற்சி என்பது பெரும்பாலும் ஊரான் பில்லைப் பார்த்து டிக் போடுவது. யார் பார்த்தது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் பேனா. ஷர்லியுடையது ஊதா.

மே கடைசியோடு அவளுக்கு இரண்டு வருஷம் முடிகிறது. முடித்துவிட்டாள் என்று சார் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் கடைசிப் பரீட்சை எழுத முடியும். ஆவூரில் இருக்கும் அவள் அப்பா பங்கிராஸ் அந்தத் தாளுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. மகள் ஆடிட்டராகிவிட்டாள் என்று பூசை முடிந்து வந்தவர்களிடம் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வீட்டில் ரேஷன் கார்டில் பெயர் திருத்த நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஷர்லியும் திருத்திக் கொடுப்பாள். ஆடிட்டராக அவள் செய்த ஒரே சொந்த வேலை அதுதான்.

ஒவ்வொரு மாதமும் கார்த்திகா அக்கா புதுப் பக்கத்துக்குக் கோடு போட்டு அமல்ராஜ் பெயரையும் எழுதுவாள். வரிசை காலியாகவே கிடக்கும். சேர்ந்த புதிதில் ஷர்லி கேட்டதற்கு நீண்ட லீவு என்று சொல்லியிருந்தாள். இந்த ஆபீசில் லீவு வாங்கிய புண்ணியவான் யாரோ என்று ஷர்லி பொறாமைப்பட்டதுண்டு.

கார்த்திகா அக்கா வந்தாள், பதிவேட்டைப் பார்த்தாள், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அமல்ராஜ் இங்கே ஆர்ட்டிக்கிளாக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஏப்ரலில், இலுப்பூரில் ஒரு பேங்க் கிளை ஆடிட்டை முடித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி அடித்துச் செத்துப்போனான். பயிற்சி முடிய அவனுக்கு முப்பத்தேழு நாள்தான் பாக்கி.

“பேர எடுக்கவான்னு கேட்டேன். சார் இருக்கட்டும்னுட்டாரு,” என்றாள். “போன வாரம் டெல்லி ஆடிட்டர் இன்ஸ்டிட்யூட்லேர்ந்து ஒரு மெயில் வந்துச்சு ஷர்லி. பயிற்சி பாக்கி உள்ளவங்க மே முப்பத்தொண்ணுக்குள்ள முடிக்கலன்னா ரத்துன்னு.”

அந்த மாதிரி மெயிலை உயிரோடு இருப்பவர்களே திறப்பதில்லை. ஷர்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

பத்தரைக்கு சார் வந்தார். வழக்கம்போலப் பதிவேட்டைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அடியில் சுருக்கொப்பம் வைத்துவிட்டு, காபி சொல்லியாச்சா என்று கேட்டார்.

அடுத்த நாளும் கையெழுத்து இருந்தது. அதற்கடுத்த நாளும்.

ஷர்லி ஒரு வாரம் சிலுவை போட்டுக்கொண்டுதான் ஷட்டரைத் தூக்கினாள். ஜன்னலோரம் அமல்ராஜின் பழைய மேஜை ஃபைல் குவியலுக்கு அடியில் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தெருவே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த ஒன்றரை மணி நேரத்தில், அந்தப் பக்கமிருந்து பக்கம் புரளும் சத்தம் வரும். பொறுமையாக, ஒரே சீராக, ஒவ்வொரு புரளலுக்கும் முன்னால் விரலை எச்சில் தொட்டுக்கொள்ளும் சின்ன ஈரச் சத்தத்தோடு. அவள் திரும்பினால் நின்றுவிடும். குனிந்தால் தொடரும். கார்த்திகா அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் அடிப்பாள். பாட்டு எதுவும் ஓடவில்லை என்பது ஷர்லிக்குத் தெரியும். வயரின் மறுமுனை மேஜையில் சும்மா கிடந்தது.

இரண்டாவது வாரம் பயத்தை விடப் பெரிய ஒன்று வந்தது. கந்தர்வகோட்டை முந்திரி வியாபாரி ஒருவர் ஒரு வருஷத்து பில்லைச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து இறக்கினார். சாக்குக்குள் பில்லோடு முந்திரித் தோலும், ஒரு செத்த பல்லியும். வெள்ளிக்குள் வேண்டும் என்றார் சார். ஷர்லி சாக்கைப் பார்த்தாள், ஜன்னலோர மேஜையைப் பார்த்தாள். இழுத்துக்கொண்டுபோய் அங்கே வைத்தாள். மறுநாள் காலையில் அத்தனை பில்லும் தேதி வாரியாகக் கோர்த்து, ஒவ்வொன்றிலும் பச்சை டிக்கோடு இருந்தது. பல்லிக்குக்கூட ஒரு டிக்.

பேயாவது பிசாசாவது, முந்திரி ஃபைலை முடித்துக் கொடுத்தால் அது சீனியர். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு கஷ்டமான ஃபைலெல்லாம் அந்த மேஜைக்குப் போனது. ஆடிட்டில் குவெரி ஷீட் என்று ஒன்று உண்டு. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். ஒருநாள் அதில் ஒரு தாளை எடுத்து, நீங்கள் அமல்ராஜா என்று ஊதாவில் எழுதி அங்கே வைத்தாள். காலையில் வலப்பக்கம் பச்சையில் ஒரு டிக் இருந்தது. வலிக்கிறதா என்று அடுத்த நாள் கேட்டாள். வேலை இருக்கிறது என்று பதில். இதே பதிலைத்தான் அவளும் தினமும் அம்மாவிடம் போனில் சொல்கிறாள்.

இருபத்தாறாவது கையெழுத்து விழுந்த அன்று, சார் கேட்ட பழைய ஃபைலைத் தேடிக் கீழ் டிராயரை இழுத்தபோது, அவளுடைய முகமே அவளைப் பார்த்தது.

அவளுடைய பயிற்சிப் பதிவு விண்ணப்பம். இரண்டு வருஷத்துக்கு முந்தையது. டெல்லிக்குப் போய்ப் பதிவெண் வந்திருக்க வேண்டியது. ஒட்டிய போட்டோ மேலே இருந்த தாளோடு ஒட்டிக்கொண்டு, பாதி முகம் உரிந்திருந்தது. பதிவெண் எங்கே என்று அவள் சாரிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் வரும்மா என்றார்.

அவள் அதை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனாள். கேள்வி எப்படியோ நேராக வந்தது.

“சார், இது போகவே இல்லையா?”

“எப்படிம்மா போகும். நம்ம ஆபீசுக்கு ஒரு ஆர்ட்டிக்கிள் எடந்தான். அது காலி இல்லயே.”

“அவரு எறந்துட்டாரு சார்.”

“அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.” நல்லதம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டெல்லிக்குத் தெரியாதுல்ல. வேலையா போன பய செத்தான்னு எழுதுனா யாரு அனுப்புனா, எதுக்கு அனுப்புனான்னு நூறு கேள்வி வரும்.”

“என் ரெண்டு வருஷம் சார்?”

“வேல கத்துக்கிட்டேல்ல. அது எங்கிட்டுப் போயிரப் போவுது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “அவனுக்கு இன்னும் பதினோரு நாள். முடிச்சுட்டுப் போகட்டும். எடம் காலியானதும் ஒன்னயப் போட்டுருவோம். புதுசா ரெண்டு வருஷம். அவன் டிக்கைப் பாத்தியா? ஒண்ணுகூடக் கோணல் கெடையாதும்மா.”

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் சொல்ல வாக்கியம் தேடினாள். கீரனூர் வந்தது, தாண்டியது, வாக்கியம் கிடைக்கவில்லை. வேறு ஆடிட்டரிடம் போகலாம். இரண்டு வருஷத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். அத்தாட்சி சாரின் கையெழுத்து. சாரின் கணக்கில் அவள் இங்கே இருந்ததே இல்லை.

ஆனால் இன்னொருவனுக்குத் தெரியும்.

அந்த யோசனை வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது. சாட்சிக்குச் செத்தவனைக் கூப்பிடும் அளவுக்கு அவளுடைய தொழில் வாழ்க்கை முன்னேறியிருக்கிறது. இருந்தாலும் மறுநாள் எழுதினாள். நான் இரண்டு வருஷம் இங்கே வேலை பார்த்தேன். நீங்கள் சரிபார்த்து எழுதித் தர முடியுமா?

வலப்பக்கம் ஒரே சொல் வந்தது. ஆதாரம்?

ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்வி. நியாயமான கேள்வி. அவள் ஊதா டிக் போட்ட ஃபைல் அத்தனையையும், நூற்றுப்பத்து, ஒவ்வொன்றாகச் சுமந்து ஜன்னலோர மேஜையில் அடுக்கினாள். முதுகு விட்டுப்போனது. மேஜைக் கால் முனகியது. மத்தியானம் பக்கம் புரளும் சத்தம் வேகமாகக் கேட்டபோது, முதல்முறையாக அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தச் சத்தம் ஒன்பது நாள் கேட்டது.

முப்பத்தேழாவது நாள் காலையில் மேல் ஃபைலைத் திறந்தாள். பச்சை டிக். அவளுடைய ஊதா டிக் இருந்த இடத்தில். அதன் மேலே இல்லை, அதன் இடத்தில். அடுத்த பக்கம், பச்சை. அடுத்த ஃபைல். அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அவள் சேர்ந்த முதல் வாரத்து ஃபைல், கை பழகாமல் கோணிக்கோணிப் போட்ட டிக்குகள், அவற்றுக்காக வாங்கிய திட்டு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பச்சை. நேராக. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

நூற்றுப்பத்து ஃபைலில் ஊதா ஒரு புள்ளி இல்லை.

ஓடியிருக்கலாம். பின்னாளில் யாராவது கேட்டால் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் சார் அன்றைக்குத்தான் அவளுடைய புது விண்ணப்பத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அவள் உட்கார்ந்தாள். காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றிச் சோர்ந்து நின்றது. தெருவில் ஒரு சத்தமில்லை. தார் வாடை அறைக்குள் ஏறியது, கெட்டியாக, நாக்கில் ஒட்டும்படி. சார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு தாள். பயிற்சி முடித்த சான்று. கையெழுத்துப் போட்டிருந்தது. அதை ஜன்னலோர மேஜைக்கு மேலே, வெறும் காற்றில் நீட்டினார்.

தாளின் மறுமுனை இழுபட்டது. விறைத்தது. சார் கையை விட்டார். தாள் விழவில்லை.

“நல்லா செஞ்சப்பா,” என்றார். “போறதுக்கு முன்னாடி அந்த ஒண்ண மட்டும் பாத்து முடிச்சுரு.”

ஷர்லியின் மேஜையில் ஒரு குவெரி ஷீட் இருந்தது. ஒரு நொடிக்கு முன் இல்லை. இடப்பக்கம், கேள்வி எழுதும் பக்கம், பச்சை.

பதிவில் இல்லாத ஒருவர் இந்த ஆபீசில் இருக்கிறார். நேரில் சரிபார்க்க வேண்டும்.

அவள் எழப் போனாள். மணிக்கட்டில் ஏதோ அமர்ந்தது. கனமாக. சூடாக.

கை.

கை மட்டும்தான் தெரிந்தது. உள்ளங்கைச் சதையில் ஜல்லிக் கற்கள் பதிந்திருந்தன. இடுக்கில் தார். அது அவள் விரல்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தது, பில் அடுக்கும் பொறுமையோடு. காற்றிலிருந்து ஒரு பச்சைப் பேனா இறங்கியது. பெருவிரல் நகம். டிக். ஆள்காட்டி. டிக். நடுவிரல். நிப் நகத்தைக் கீறி அடிச்சதை வரை போனது. டிக்.

“அக்கா,” என்றாள் ஷர்லி.

கார்த்திகா அக்கா காதில் ஹெட்போனோடு ஜூன் மாதப் பக்கத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேல் நழுவவே இல்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வடிந்தது. கோடு நேராக இருந்தது.

பத்து விரல். இரண்டு காது. மேல் பல் வரிசை, உதட்டைத் தூக்கி, இடமிருந்து வலம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எங்கோ ஒரு விரல் எச்சில் தொட்டுக்கொள்ளும் ஈரச் சத்தம். நெற்றி. டிக். மூக்குத்தண்டு. டிக்.

பேனா வலது கண்ணுக்கு முன்னால் வந்தது. நின்றது.

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

எதுவும் நடக்கவில்லை. மூடிய இமைமேல் நிப்பின் சூடு மட்டும். அது அவசரப்படவில்லை. பார்க்காததற்கு அது டிக் போடாது.

“தொறம்மா,” என்றார் நல்லதம்பி, பக்கத்தில் நின்று, கோபமே இல்லாத அதே குரலில். “அவன் முடிச்சாத்தான ஒன்னோடத அனுப்ப முடியும்.”

இரண்டு வருஷமாக அவர் சொன்ன எதையும் அவள் தட்டியதில்லை.

ஷர்லி கண்ணைத் திறந்தாள். நிப்பின் நுனியில் பச்சைத் துளி ஒன்று கனத்துத் தொங்கியது.